செலினை ஆறு கொல்லவில்லை

சிதம்பரத்தில் வேலை முடிந்து கடலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது தங்கை ஸ்டெல்லாவின் போன் வந்தது. "அண்ணா, செலின் போயிட்டாண்ணா" என்றாள். வண்டி புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் அவள் மகளின் படமும், கீழே ஒரு வரியும் வந்துவிட்டன: 'ஆற்றில் விளையாடியதால் விஷக் காய்ச்சல்.' ஆஸ்பத்திரியிலிருந்து உடல்கூட இன்னும் வரவில்லை. எங்கள் தெரு அதற்குள் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டது. எனக்குக் கண்ணீருக்கு முன்னால் குமட்டல்தான் வந்தது.

செலினைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதாவது, கடலூர் முதுநகரில் எங்கள் தெருவில் குடியிருப்பவர்களுக்கும் எங்கள் பங்குக் கோயிலுக்கு வருகிறவர்களுக்கும். நயமாக எழுத எனக்கு வரவில்லை, வரவேண்டும் என்ற ஆசையும் இல்லை.

செலின் பிரான்சில் பிறந்தவள். ஸ்டெல்லா கணவரைப் பிரிந்து ஊருக்குத் திரும்பியபோது பிள்ளைக்குப் பதினான்கு வயது. அங்கே மலையேறியும் ஏரியில் துடுப்புப் போட்டும் வளர்ந்தவள். வந்த முதல் வாரமே விடிகாலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனாள். திரும்பும்போது ஷூ இரண்டும் ஹேண்டிலில் தொங்கின. மனித மலம். அழுவாள், பிரான்சுக்கே போய்விடலாம் என்பாள் என்று வீடே காத்திருந்தது. அவள் குழாயடியில் உட்கார்ந்து பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினாள். "நாளைக்கு இன்னும் கொஞ்சம் வடக்கால போய்ப் பாக்குறேன் மாமா" என்று சொல்லிவிட்டு இட்லி சாப்பிட உட்கார்ந்தாள்.

எதிர்வீட்டு அந்தோணியின் மகள் ரெஜினாவையும் தெருவில் இன்னும் இரண்டு பெண்களையும் அவள்தான் வெளியே இழுத்து வந்தாள். பள்ளிக்கூடமும் டியூஷனும் தவிர சைக்கிளில் வேறெங்கும் போகாத பிள்ளைகள். நான் ஸ்கூட்டரில் பின்னாலேயே போகவேண்டும் என்று பெற்றவர்கள் நிபந்தனை போட்டார்கள். ஒருநாள் ரசாயன ஆலைகள் இருக்கும் சாலை வழியாக உப்பனாற்றுக் கரைக்குப் போனோம். அழுகிய முட்டையும் நெயில் பாலிஷும் கலந்த மாதிரி ஒரு நாற்றம். மற்ற பெண்கள் துப்பட்டாவை இழுத்து மூக்கில் கட்டிக்கொண்டார்கள், நானும் கைக்குட்டையை எடுத்தேன். செலின் கட்டவில்லை. "மூக்கப் பொத்துனா நமக்குத்தான் தெரியாது மாமா, நாத்தம் அங்கியேதான் இருக்கும்" என்றாள். நுரைக்குள் நின்ற ஒரு நாரையை வெகுநேரம் பார்த்தாள். எங்கள் நால்வரில் ஒருவரையும் அந்தத் தண்ணீரில் விரலை நனைக்க அவள் விடவில்லை. வாட்ஸ்அப்பில் வரி எழுதியவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

பிச்சாவரத்துக்கும் போனோம். துடுப்புப் படகில் ஏறியதும் எல்லாருடைய லைஃப் ஜாக்கெட்டிலும் கொக்கியை அவளே மாட்டி, இழுத்துப் பார்த்தாள். அது வியர்வை நாறுகிறது என்று நான் முனகியதை அவள் காதில் வாங்கவே இல்லை. "எல்லாரும் போட்டோவுக்குத்தான் கழுத்துல மாட்டுவாங்க சார், இந்தப் பாப்பாதான் ஒழுங்கா போட வெக்குது" என்றார் படகுக்காரர். அலையாத்தி மரங்களுக்கு நடுவே பக்கத்துப் படகிலிருந்து ஒரு அம்மா காலி சிப்ஸ் பாக்கெட்டைத் தண்ணீரில் போட்டார். செலின் குனிந்து அதை எடுத்து, சொட்டச் சொட்ட அந்த அம்மாவின் மடியில் வைத்தாள். "உங்களோடதுங்க, விழுந்துடுச்சு" என்றாள். நான் சிரித்ததில் படகு ஆடியது. இப்படிப்பட்ட பிள்ளையைத்தான் துடுக்குத்தனத்தால் செத்தவள் என்கிறீர்கள்.

எங்கள் வீட்டை ஒட்டி ஒரு காலி மனை இருக்கிறது. தெருவின் பழைய டயர், பெயின்ட் வாளி, இளநீர்க் கூடு, கல்யாண வீட்டுக் கப்பு எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். ஒவ்வொரு வீடாகப் போய் அங்கே கொட்டவேண்டாம் என்று செலின் கேட்டாள். "பிரான்சுக்காரிக்கு நம்ம ஊரு நாறுது" என்று சிரித்து அனுப்பினார்கள். மழை முடிந்ததும் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சுகாதார ஆய்வாளர் வந்து அந்த மனையில் ஒரு டயரைக் கவிழ்த்தார். கொட்டிய தண்ணீரெல்லாம் கொசுப்புழு நெளிந்தது. தெருவே நின்று பார்த்தது. பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய், ஆறு என்று எழுதியது.

அடக்கத்தன்று தெருமுனையில் பிளெக்ஸ் வைத்தார்கள். ஸ்டெல்லா கொடுத்த படம் பிச்சாவரத்தில் எடுத்தது, லைஃப் ஜாக்கெட்டோடு பல் தெரியச் சிரிக்கிற படம். அது நன்றாக இல்லை என்று முகத்தை மட்டும் வெட்டி, பட்டுப்பாவாடையும் தாவணியும் கட்டிக் கைகூப்பி நிற்கும் யாரோ ஒருத்தியின் உடம்பில் ஒட்டியிருந்தார்கள். கழுத்துக்குக் கீழே அது செலின் இல்லை. பக்கத்தில் 'அடக்கத்தின் திருவுருவே' என்று எழுதியிருந்தது. கீழே இரங்கல் தெரிவிப்பவர்களின் முகங்கள் அவள் முகத்தைவிடப் பெரியவை. பெற்றவள் அதைப் பார்த்துவிட்டு, "யாருண்ணா இது?" என்று கேட்டாள். நானே போய்க் கிழித்தேன்.

முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து வீட்டில் சாப்பாடு போட்டோம். ரெஜினாவின் சைக்கிளைச் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டதாக அந்தோணி சொன்னார். "பொம்பளப் புள்ளைய ஊரு சுத்த விட்டா என்னா ஆவும்னுதான் பாத்தாச்சே மச்சான். எம்பொண்ணு வீட்டுலியே பத்திரமா இருக்கட்டும்."

"கொசு கடிச்சது வீட்டுலதான் அந்தோணி."

அவர் ரசம் கேட்டார். மற்ற இரண்டு பெண்களையும் அதற்கு முன்பே வீட்டில் அடைத்தாகிவிட்டது. சாப்பிட்டவர்கள் கை கழுவிக்கொண்டு, பாயசம் குடித்த கப்புகளைச் சுவருக்கு மேலே வீசினார்கள். அந்த மனைக்குள்தான். எங்கள் பிள்ளையின் பேரால் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்ட கையால் வீசினார்கள். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. நான் சாக்கை எடுத்துக்கொண்டு போனபோது ஒவ்வொரு கப்பிலும் தண்ணீர் நின்றது. கொட்டிக் கொட்டிப் பொறுக்கும்போது நிமிர்ந்து பார்த்தேன். எதிர்வீட்டு ஜன்னல் கம்பிக்குப் பின்னால் ரெஜினா கொசு அடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

அந்தப் பிள்ளைகளை வெளியே விடுங்கள். உங்களிடம் நான் கேட்பது அவ்வளவுதான்.

செலினிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்த அருவருப்பு ஒன்றுதான். இந்த ஊரிலேயே பிறந்து தலை நரைத்த எனக்கு அவள் வரும்வரை அது இருந்ததில்லை, எல்லாம் பழகிப்போயிருந்தது. துக்கம் கேட்க வருகிறவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளாக நாளாக எல்லாம் பழகிடும்" என்கிறார்கள். பழகிவிடக் கூடாது என்றுதான் தினமும் ஜெபிக்கிறேன்.