மின்னல் வீட்டுக் கதவு

அவள் தையல்காரி. புதுத்துணி தைப்பது குறைவு. பிறர் தைத்ததைப் பிரித்துச் சரி செய்வதுதான் அதிகம். இடுப்பு பெருத்தவர்களும் இளைத்தவர்களும் மூன்றாம் மாடிக்கு மூச்சு வாங்க ஏறி வருவார்கள். துணியை உள்பக்கம் திருப்பித் தையலை ஒரு பார்வை பார்த்தாலே, தைத்தவருக்கு வேலையில் மனம் இருந்ததா, மணியில் கண் இருந்ததா என்று சொல்லிவிடுவாள். வெளிப்பக்கம் எல்லாரும் அழகாகத்தான் தைக்கிறார்கள் என்பது அவள் கட்சி.

அவள் கணவன் பூட்டு ரிப்பேர்காரன். எந்தப் பூட்டையும் கண் மூடித் திறப்பதற்குள் திறந்துவிடுவான் என்பதால் அவனுக்கு மின்னல் என்று பெயர். தெருவில் பாதிப் பேருக்கு அவன் சொந்தப் பெயர் தெரியாது. அந்தப் பெயரில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

விளக்கின் அடியில் இருட்டு என்பார்கள். மின்னல் வீட்டு வாசல் கதவின் உள்பக்கக் கைப்பிடி நெடுநாளாகவே தளர்ந்து கிடந்தது. திருப்பினால் சுற்றும், பூட்டின் நாக்கு மட்டும் அசையாது. மேலே தூக்கி, தோளால் கதவை ஒரு இடி இடித்துத் திருப்பினால் மனம் இரங்கும். "ஞாயித்துக்கிழமை பாக்குறேன்" என்பான் கணவன். ஞாயிற்றுக்கிழமைகளும் வந்துகொண்டுதான் இருந்தன.

ஒரு நாள் பள்ளி விடும் நேரத்தில் மகளைக் கூட்டிவரக் கிளம்பினாள். கைப்பிடி சுற்றியது, சுற்றியது, கையோடு வந்துவிட்டது. தோளும் வலித்தது, கதவும் இரங்கவில்லை. எதிர்வீட்டு நர்ஸ் வேலைக்குப் போயிருந்தாள். கணவனுக்குப் போன் அடித்தாள்.

"ஒரு ஆளு வெளிய மாட்டிக்கிட்டு நிக்கிறாரு. அவரு கதவைத் திறந்துட்டு வந்துடுறேன்" என்றான் அவன்.

"நான் உள்ள மாட்டிக்கிட்டு நிக்கிறேன்."

"நீ வீட்டுலதானே இருக்க?"

அவன் வந்து சேர்ந்தபோது, பள்ளிக் காவலாளியின் கையைப் பிடித்தபடி மகள் கீழே நின்றிருந்தாள். மழையில் நனைந்து அழுது அழுது விக்கல் எடுத்திருந்தது. மூவரும் மேலே ஏறியதும் மின்னல் ஒரு கம்பியை விட்டு ஆட்டினான், கதவு திறந்தது.

"பாத்தியா? சொடக்குப் போடுற நேரம்!" என்றான் காவலாளியிடம்.

கைப்பிடியைப் பழையபடி சொருகிவிட்டு, "ஞாயித்துக்கிழமை" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து மகள் தினமும் செருப்பை மாட்டிக்கொண்டு ஒரே கேள்வி கேட்டாள்: "அம்மா, இன்னைக்குக் கதவு திறக்குமா?" தையல்காரி பகலெல்லாம் கதவிடுக்கில் ஒரு கட்டையைச் சொருகி, திறந்த வீட்டில் உட்கார்ந்து தைத்தாள். எந்தக் காலடிச் சத்தத்துக்கும் ஊசி நின்றது. ஒரு வாரத்துக்கு மேல் அவளால் அப்படி உட்கார முடியவில்லை.

வேறு ஆளைக் கூப்பிடுவது என்று முடிவு செய்தாள். வெளியே தெரிந்தால் புருஷன் பெயர் சந்தி சிரிக்கும். தெரியாமல்தான் செய்ய வேண்டும்.

"நம்பிக்கையான பூட்டுக்காரர் யாராச்சும் தெரியுமாக்கா? என் சிநேகிதி ஒருத்திக்கு வேணும்" என்று நர்ஸிடம் கேட்டுப் பார்த்தாள்.

"கடலுக்குள்ள குடியிருந்துகிட்டு உப்பு எங்க கிடைக்கும்னு கேக்குறியே!" என்று அவள் சிரித்தாள்.

பிறகுதான் தோன்றியது, கேட்க வேண்டிய ஆள் தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று. மின்னல் சாப்பிடும்போது ஊரிலுள்ள பூட்டுக்காரர்கள் எல்லாரையும் வறுத்தெடுப்பான். ஒருவன் திருடன். ஒருவன் நல்ல பூட்டை உடைத்துவிட்டுப் புதுசு விற்பவன். ஒருவன் சாவி செய்யும்போதே தனக்கும் ஒன்று செய்துகொள்பவன். நத்தை என்ற ஒருவனைப் பற்றி மட்டும் அவனுக்கு ஒரே குறைதான்: "ஒரு ஸ்க்ரூவுக்கு ஒரு யுகம் எடுத்துக்குவான்." வைவதற்கு அவனுக்கு அதற்குமேல் எதுவும் அகப்படவில்லை என்பதை அவள் கவனித்திருந்தாள். நத்தையின் எண் கணவனின் போனிலேயே இருந்தது.

கணவன் ஊரின் மறுகோடிக்கு வேலைக்குப் போன பகலில் நத்தை வந்தான். வழுக்கைத் தலை, கனமான பை. பழுதான கைப்பிடியைப் பற்றி அவள் போனில் சொல்லியிருந்ததால் பொருத்தமான புதுப் பூட்டு ஒன்றையும் கொண்டுவந்திருந்தான். செருப்பை ஒழுங்காக ஓரம் விட்டான், கதவை நான்கு தரம் திறந்து மூடிக் காது கொடுத்துக் கேட்டான், பிறகு முட்டி போட்டு உட்கார்ந்தான். பட்டப்பெயர் பொய்யில்லை. கைப்பிடியைக் கழற்றி மேல்தகட்டை எடுத்தவன், தகட்டின் உள்பக்கத்தைப் பார்த்துக் கையை எடுத்துவிட்டான். அங்கே கோணல்மாணலாக ஒரு மின்னல் கோடு கீறப்பட்டிருந்தது.

"இது மின்னல் அண்ணன் மாட்டினதும்மா. அவரைக் கேக்காம பிரிக்க மாட்டேன்."

"அவரை எதுக்குங்க கேக்கணும்? வீடு எங்களுது."

"வீடு உங்களுதுதான். ஆனா ஒருத்தர் மாட்டினதை இன்னொருத்தர் பிரிச்சா, அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். இல்லேன்னா நாளைக்கு ஒண்ணு காணாமப் போனா யாரைக் கேப்பீங்க? அவரையா, என்னையா?"

நம்பிக்கையான ஆளைத் தேடிப் பிடித்ததன் பலன் இது. வேறு எவனாக இருந்தாலும் இந்நேரம் வேலையை முடித்திருப்பான். அவள் தடுக்க வாயெடுப்பதற்குள் நத்தை போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டான்.

"சொல்லுடா நத்தை! உயிரோட இருக்கியா?"

"இருக்கேண்ணே. உங்க கையால மாட்டின பூட்டு ஒண்ணு. உள்ள துரு ஏறிக் கிடக்கு. பிரிக்கட்டுமா?"

"எந்த வீடு?"

"போன்ல வீட்டைச் சொல்ல மாட்டேன்னு தெரியாதா உங்களுக்கு?"

"சரிடா சத்தியவான், பிரி. நான் மாட்டினது துருப்பிடிக்காதே! எண்ணெய்கூட விடாம வச்சிருக்காங்களா? அந்த வீட்டு ஆம்பளை என்ன மண்ணாந்தையா?"

தையல்காரி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தெரியலண்ணே. ஒரு அம்மா மட்டும் இருக்காங்க. உள்ள மாட்டிக்கிட்டாங்களாம்."

மறுமுனையில் குரல் மாறியது. "உள்ளயா? டேய், அப்ப ஒட்டுவேலை பாக்காத. புதுசு மாத்து. உள்ள இருந்து சாவி இல்லாம திறக்குறதாப் போடு. ஆத்திர அவசரத்துக்கு வெளிய வர முடியலேன்னா அதுக்குக் கதவு எதுக்கு? சுவரே போதுமே."

அதற்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை. குனிந்து போனை எடுத்தாள்.

"புதுசே மாத்திடச் சொல்லவா?"

மறுமுனையில் எங்கோ ஒரு துளைபோடும் மெஷின் ஓடி, நின்றது.

"நீயா?"

"நான்தான். மண்ணாந்தை வீட்டுல இருந்துதான் பேசுறேன்."

நத்தை அவள் முகத்தையும் தகட்டையும் மாறி மாறிப் பார்த்தான். சட்டென்று எழுந்து, "அண்ணி..." என்றான். "தெரியாம வந்துட்டேன் அண்ணி. அண்ணன் வீட்டுக் கதவை நான் தொடுறதா?" பைக்குள் ஸ்க்ரூ டிரைவர் போயிற்று.

"அவனைப் போகச் சொல்லு. நான் வந்து பாக்குறேன்" என்றது போன்.

"எப்ப?"

"கையில ஒரு வேலை..."

"கதவுல இப்ப பூட்டே கழண்டு தொங்குது. இன்னும் கொஞ்ச நேரத்துல பிள்ளையைக் கூப்பிடப் போகணும். அவ இன்னொரு தரம் மழையில நிக்க மாட்டா. இதைச் சொல்லிட்டேன். இப்ப நீங்க சொல்லுங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. நத்தை படிக்கட்டின் கைப்பிடியில் ஏதோ விசேஷம் இருப்பது போல அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவன்கிட்ட குடு" என்றான் கணவன் கடைசியில். நத்தை போனைக் காதில் வைத்து, "ம்" என்றான், "ம்" என்றான், "அதெல்லாம் நான் ஏண்ணே வெளிய சொல்லப் போறேன்" என்றான். பிறகு மறுபடி முட்டி போட்டு உட்கார்ந்தான்.

பள்ளி விடும் நேரம் வந்தபோது வேலை பாதியில் நின்றது. பூட்டிருந்த இடத்தில் ஓட்டை. அதன் வழியே எதிர்வீடு தெரிந்தது. தையல்காரி வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். மெஷின், மேசை மேல் பிறர் துணிகள், திறந்து கிடந்த அலமாரி.

"போயிட்டு வரேங்க. வீட்டைப் பாத்துக்குங்க" என்று அவனிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். எதையும் பூட்டவில்லை.

மாலையில் மின்னல் வந்து தன் சாவியை நுழைத்தான். அது நுழையவில்லை. சாவியைப் பையில் போட்டுக்கொண்டு அழைப்பு மணியை அடித்தான்.

"யாரு?" என்றாள் உள்ளிருந்து.

"கதவு ரிப்பேருன்னு சொன்னாங்க. வந்திருக்கேன்."

"ஆளு வந்து பாத்துட்டுப் போயாச்சு" என்றாள் அவள். உள்ளே மகளின் சிரிப்புக் கேட்டது. பிறகு, யாரோ ஒரு விரலால் அழுத்தியது போல, சத்தமே இல்லாமல் கதவு திறந்தது.