வுட்சக் வளையில் ஒரு கை

பேய் வர இருட்டு வேண்டும் என்பார்கள். ஹார்லனுக்கு இது நடந்தபோது வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஜூலை மாதம், சாயங்காலம் நாலரை மணி. ஹார்லன் குடிக்கிற ஆள் இல்லை. கதை கட்டுகிற ஆளும் இல்லை. நாலு பேர் கூடின இடத்தில் வாயைத் திறக்கவே யோசிப்பார். அவர் மணிக்கட்டில் பதிந்திருந்த தடத்தை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நியூயார்க் மாநிலத்தின் தெற்கே, மலையும் மேடுமான பால்பண்ணைப் பக்கம் அது. அங்கே மான் வேட்டைப் பருவம் அக்டோபரில்தான் திறக்கும். அதுவரை வில்லை மாட்டி வைத்தால் கை மறந்துபோகும். அதனால் வில் பிடிக்கிறவர்கள் கோடையில் வுட்சக் பின்னால் அலைவார்கள். பூனையைவிடப் பெரிய, குண்டான பிராணி அது. பெருச்சாளி மாதிரி வயலெல்லாம் வளை தோண்டிப் போட்டுவிடும். ஒரு வளையில் பசுவின் கால் இறங்கினால் கால் போச்சு. ஆகவே அதை அடிக்க எந்தப் பண்ணைக்காரரும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

அன்றைக்கு ஹார்லனோடு போனது அவர் மனைவி லொரீனின் தம்பி டெல்பர்ட். எல்லாருக்கும் டெல். தாய் செத்தபோது டெல்லுக்கு ஏழு வயது. லொரீன்தான் அவனை வளர்த்தாள். இன்றைக்கு நாற்பது வயதானாலும் அவன் அவளுக்குக் குழந்தைதான்.

மிசஸ் கோர் என்ற விதவையின் பண்ணையில், மேட்டு வயல். நடுவே இடுப்புயரக் கற்சுவர்.

"நீ இந்தப் பக்கம் படு மச்சான். நான் சுவருக்கு அந்தாண்ட போறேன்" என்றான் டெல். "போன வாரம் மாதிரி பால் கேனைக் குறிபாத்து அடிச்சுடாத."

"போடா. அது காத்து தள்ளினது."

"ஆமா ஆமா, காத்து. அக்காகிட்டயும் அதையே சொல்லு."

சிரித்துக்கொண்டே சுவரேறிக் குதித்தான். புல்லுக்குள் மறைந்தான்.

ஹார்லன் குப்புறப் படுத்துக் காத்திருந்தார். அரை மணி நேரம் போயிருக்கும். இருபது கெஜம் தள்ளி ஒரு வளையிலிருந்து பழுப்புத் தலை எட்டிப் பார்த்தது. பின்னங்காலில் நிமிர்ந்து நின்றது. ஹார்லன் மெல்ல மண்டியிட்டு நாணை இழுத்தார். விட்டார். அம்பு தைக்கிற சத்தம் கேட்டது. வுட்சக் உருண்டு, அம்போடு வளைக்குள் போய்விட்டது.

அடிபட்ட பிராணியை அப்படியே விட்டுவிடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. போய்ப் பார்த்தார். வளையின் வாய் சின்னது. தலை நுழையாது, கை நுழையும். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு குனிந்தார்.

உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. பாசி நாற்றம். மேட்டு வயலில், அந்த வெயிலில், பாசி நாற்றம்...

அப்புறம் அந்தச் சத்தம்.

சளக்... சளக்...

தண்ணீரில் யாரோ கையை அடிப்பது போல.

"மச்சான்!"

ஹார்லனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே புல் அசையவில்லை. குரல் வந்தது கீழேயிருந்து.

"மச்சான், இங்க இருக்கேன்! கிணத்துல விழுந்துட்டேன்!"

டெல்லின் குரல். சந்தேகமே இல்லை.

அந்தப் பக்கம் பழைய பண்ணைகளில் அப்படி உண்டு. பாழுங்கிணற்றைப் பலகை போட்டு மூடியிருப்பார்கள். பலகை மக்கி, மேலே புல் முளைத்துவிடும். சுவருக்கு அந்தாண்டை கால் வைத்திருக்கிறான், உள்ளே போயிருக்கிறான். இந்த வளை அந்தக் கிணற்றில் போய்த் திறந்திருக்க வேண்டும். ஹார்லன் புத்தி அப்படித்தான் கணக்குப் போட்டது.

"எங்கடா விழுந்தே? நான் அந்தாண்ட வரேன்!"

"வேணாம்! போகாத மச்சான்! தண்ணி ஏறுது. கையைக் குடு!"

ஹார்லன் தரையில் சரிந்து தோள் வரைக்கும் கையை விட்டார். மண், வேர், கல்... பிறகு விரல்கள். சில்லென்ற விரல்கள் அவர் மணிக்கட்டைக் கவ்விக்கொண்டன.

செல்போனை இடது கையால் எடுத்துப் பார்த்தார். அந்த மேட்டில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. தூர எறிந்தார். கத்தியை உருவி வளையின் வாயைத் தோண்டினார். கல்லும் மண்ணுமாக இறுகிக் கிடந்தது. கத்தி முனை ஒடிந்தது. நகத்தால் தோண்டினார். நகம் பெயர்ந்தது.

"பிடிச்சுக்கோ மாப்ளே. விட்டுடாத. லொரீனுக்கு நான் என்னடா பதில் சொல்லுவேன்..."

"கழுத்துக்கு வந்துடுச்சு மச்சான்."

"யாராவது வாங்க! ஐயோ, யாராவது வாங்களேன்!"

மலை திருப்பிக் கத்தியது. வேறு யாரும் வரவில்லை. ஹார்லன் அழுதுகொண்டே இழுத்தார். தோள்மூட்டு கழன்றுவிடும்போல இருந்தது. கீழே இருந்த கை ஓர் அங்குலம் மேலே வந்தது. மறுபடி இறங்கியது. வந்தது. இறங்கியது.

"வாய்க்கு வருது..."

அப்போது ஹார்லன் மேல் ஒரு நிழல் விழுந்தது.

"என்ன மச்சான் பண்றே?"

தலையைத் திருப்பினார்.

டெல் நின்றிருந்தான். தோளில் வில். பூட்ஸில் புல் ஒட்டியிருந்தது.

வளைக்குள் ஹார்லனின் மணிக்கட்டில் பிடி இறுகியது.

"மச்சான்..." கீழேயிருந்து. "யாரு அங்க?"

மேலே நின்றவன் முகம் மாறவில்லை.

"கையை விடு மச்சான்" என்றான். மெதுவாக.

"விடாத!" கீழேயிருந்து அலறல். "அது நான் இல்ல!"

ஹார்லன் மேலே ஒரு தரம், வளையை ஒரு தரம் பார்த்தார். இருந்த கொஞ்சம் நினைவைக் கூட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்த வீட்டார் தவிர யாருக்கும் பதில் தெரியாத கேள்வி.

"உங்கம்மா செத்தன்னிக்கு... லொரீன் உனக்கு என்னடா சாப்பிடக் குடுத்தா?"

"கார்ன்ஃபிளேக்ஸ். பால் இல்லாம."

இரண்டு குரல். ஒரே நேரத்தில்.

மேலேயும்.

கீழேயும்.

கண்ணால் பார்ப்பதைத்தானே மனிதன் நம்புவான்? ஹார்லன் விரல்களைத் திறந்தார்.

கீழேயிருந்த கை விடவில்லை. தொங்கியது. வழுக்கியது. ஒவ்வொரு விரலாக...

"மச்சான்... அக்காகிட்ட..."

சளக்.

அவ்வளவுதான்.

வளைக்குள் ஒரு சத்தமும் இல்லை. காற்று இல்லை. பாசி நாற்றமும் இல்லை.

டெல் குனிந்து ஹார்லனைத் தூக்கி நிறுத்தினான். கீழே கிடந்த செல்போனை எடுத்து, துடைத்துக் கொடுத்தான். வண்டியை அவனே ஓட்டினான்.  வீட்டு வாசலில் லொரீன் நின்றிருந்தாள். "ஏதாவது கிடைச்சுதா?" என்றாள்.

"ஒண்ணும் இல்லக்கா" என்றான் டெல்.

அன்றிரவு ஹார்லன் கண்ணை மூடவில்லை. மணிக்கட்டில் ஐந்து விரல் கருநீலமாகப் பதிந்திருந்தது. மறுநாள் காலை மண்வெட்டியோடு தனியாக அந்த மேட்டுக்குப் போனார். கிணறு இருந்தால் கிணறு. பிணம் இருந்தால் பிணம். தெரிந்தாக வேண்டும்.

தோண்டினார். ஒரு கை ஆழம் போனதும் மண்வெட்டி ணங்கென்று இடித்தது. பாறை. அங்குமிங்கும் தோண்டிப் பார்த்தார். எங்கேயும் பாறைதான், ஒரே பலகையாக. அதன்மேல் அவர் அம்பும் செத்த வுட்சக்கும் கிடந்தன. சுவருக்கு அந்தாண்டை அடி அடியாகத் தட்டிப் பார்த்தார். கிணறு என்று ஒன்று அங்கே இல்லை. ஒரு சொட்டு ஈரமும் இல்லை.

டிராக்டர் சத்தம் கேட்டது. மிசஸ் கோர் வந்து நிறுத்தினார். எழுபதைத் தொடும் வயது, பண்ணையை ஒற்றை ஆளாக ஓட்டுகிறவர். தோண்டிப் போட்ட மண்ணைப் பார்த்தார். ஹார்லனின் மணிக்கட்டைப் பார்த்தார். இன்ஜினை அணைத்தார்.

என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை.

"உள்ளேருந்து யாரு கூப்பிட்டா?" என்றார்.

ஹார்லன் மண்வெட்டியைக் கீழே போட்டார். மண்மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "என் மச்சினன்மா. ஆனா அவன் மேல நின்னான். என் பக்கத்துலயே நின்னான்."

"யாரை நம்பினே?"

"மேல நின்னவனை."

மிசஸ் கோர் கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்குக் கல்யாணமான அடுத்த வருஷம்ப்பா. இதே இடம்தான். உள்ளேருந்து கூப்பிட்டது என் புருஷன். பின்னால வந்து தோளைத் தொட்டதும் என் புருஷன். உன்னை மாதிரிதான், நானும் கையை விட்டுட்டேன். தொட்டவரோட வீட்டுக்குப் போனேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன... முப்பது வருஷத்துக்கு மேல குடும்பம் நடத்தினேன். ஒரு கெட்ட வார்த்தை பேசினதில்ல. கை நீட்டினதில்ல. நல்ல மனுஷன்."

இன்ஜினைக் கிளப்பச் சாவியைத் தொட்டவர், நிறுத்தினார்.

"ஒண்ணே ஒண்ணுதான். இந்த வயல்ல, ஜூலை வெயில்ல, நாள் பூரா புல்லுக்கட்டு தூக்குவாரு. அன்னியிலேருந்து சாகற வரைக்கும் ஒரு நாள்கூட அவருக்கு வேர்த்து நான் பாத்ததில்ல."

டிராக்டர் மேட்டைத் தாண்டி மறைந்தது.

இது நடந்து நாலு கோடை போய்விட்டது. ஜூலை வெயிலில் புல் அறுப்புக்கு டெல் இப்போதும் வருகிறான். முன்பைவிட நன்றாக வேலை செய்கிறான். அக்காவிடம் முன்பைவிடப் பிரியமாக இருக்கிறான். ஹார்லன் வண்டியின் அந்தப் பக்கம் நின்று கட்டுகளை வாங்கி அடுக்குவார். பேசுவார், சிரிப்பார்.

அவன் சட்டையின் முதுகை மட்டும் பார்ப்பதில்லை.