தனம் அக்கா பெயருக்குப் பின்னால்

எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸப் குழுவில் மூன்று நாளாக ஒரே சண்டை. ஓர் அரசியல் தலைவர் வெளிநாட்டில் பெரிய பல்கலைக்கழகத்தில் படித்தவராம். ஆகவே அறிவாளி என்கிறது ஒரு கோஷ்டி. பரம்பரைப் பணக்காரனுக்கு அங்கே இடம் கிடைப்பதில் என்ன அதிசயம் என்கிறது இன்னொன்று. பட்டமளிப்பு உடையில் அவர் நிற்கும் படத்தை இதுவரை ஏழு பேர் அனுப்பிவிட்டார்கள். ஏழும் ஒரே படம். நான் பதில் எழுதவில்லை. எழுதினால் தொண்ணூற்றாறாம் வருடத்திலிருந்து தொடங்க வேண்டும். அவ்வளவு பொறுமை அங்கே யாருக்கும் கிடையாது. உங்களுக்கு இருக்கும் என்று நம்புகிறேன்.

அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு மண்ணெண்ணெய் வாசனைதான் வந்தது. அச்செழுத்தில் ஒட்டிய மையை அதில்தான் கழுவுவோம். மந்தைவெளியில் கரீம் பாய் நடத்திய அச்சகத்தில் அப்போது எனக்கு புரூஃப் பார்க்கும் வேலை. படிப்பு, வரலாற்றில் பி.ஏ., இரண்டாம் வகுப்பு. இரண்டாம் வகுப்பு என்பதை யாரிடமும் சொன்னதில்லை, பி.ஏ. என்பதைச் சொல்லாமல் விட்டதும் இல்லை.

பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகைகள். மயிலாப்பூரிலிருந்தும் தி.நகரிலிருந்தும் வருவார்கள். மாப்பிள்ளையின் பெயரில் ஒரு கால் விட்டுப்போனால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். பட்டத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனால் கட்டு திரும்பி வரும். வைகாசியில் முகூர்த்தங்கள் குவிந்தால், பி.ஏ., பி.காம்., பி.இ. என்று கோத்தே எழுத்துப் பெட்டியில் ‘பி’ தீர்ந்துபோகும். “இந்த ஊர்ல பொண்ணு கெடைக்குது, மாப்ள கெடைக்கிறான், இந்த ‘பி’தான்ப்பா கெடைக்க மாட்டேங்குது” என்பார் பாய்.

புரட்டாசியில் கல்யாணம் கிடையாது, அச்சகம் தூங்கும். தொண்ணூற்றாறு புரட்டாசியில் மட்டும் தூங்கவில்லை. பத்து வருடம் கழித்து மாநகராட்சித் தேர்தல் வந்திருந்தது. மெட்ராஸ் ஆங்கிலத்திலும் சென்னை ஆகிவிட்டதால், பழைய கடிதத்தாளை மாற்ற வந்த கம்பெனிக்காரர்கள் வேறு. அந்த நெரிசலில்தான் எங்கள் வார்டின் இரண்டு வேட்பாளர்கள் எங்களிடமே நோட்டீஸ் கொடுத்தார்கள்.

ஒருவர் மோகன்குமார், ஒரு கட்சியின் வேட்பாளர். அடையாறில் தோட்டத்தோடு வீடு. இங்கிலாந்தில் படித்தவர். நோட்டீஸில் அவர் பெயருக்குக் கீழே அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் ஒரு முழு வரியைப் பிடித்துக்கொண்டது. “அங்க சீட் கெடைக்கறது ரொம்பக் கஷ்டமாமே சார்?” என்று நான் வாய் பிளந்தேன். அவர் சிரித்தார். “அப்படி ஒண்ணும் இல்லீங்க. தாத்தா அங்க படிச்சாரு, அப்பாவும் அங்கதான். நான் வேற எங்க போறது?”

அதை நான் அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். அவர் உள்ளதைத்தான் சொன்னார் என்று புரியப் பல வருடம் ஆயிற்று.

இன்னொருவர் தனம் அக்கா, சுயேச்சை. கால்வாயோரக் குடிசைப் பகுதியில் காலையில் இட்லி விற்பவர். இட்லியைவிட அவருக்குப் பேர் வாங்கித் தந்தது தண்ணீர். எந்த லாரி எத்தனை மணிக்கு வரும், எந்தத் தெருமுனை வால்வைத் திறந்தால் எந்தச் சந்துக் குழாயில் தண்ணீர் ஏறும், எல்லாம் மனப்பாடம். லாரி நின்றதும் பிள்ளைத்தாய்ச்சிகளின் குடம் முதலில், வயதானவர்கள் அடுத்து, சண்டைக்காரிகள் கடைசி. அந்த வரிசையை மீறி ஒரு குடம் நகர்ந்து நான் பார்த்ததில்லை.

புரூஃபில் ‘தனலட்சுமி’ என்ற பெயர் தனியாக நின்றது. எனக்கு ஏதோ மொட்டையாகப் பட்டது.

“எதுவரைக்கும் படிச்சீங்க அக்கா?”

“எட்டாவது. அதுவும் பாதியில வுட்டுட்டேன். ஏன் நைனா?”

“பேருக்குப் பின்னால ஏதாவது போட்டா நல்லா இருக்கும்.”

“இன்னா இருக்குதோ அத்தப் போடு. பேரு கீதுல்ல, போதும்” என்று சொல்லிவிட்டு லாரிக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

பக்கத்து மேசையில் மோகன்குமாரின் நோட்டீஸ் காய்ந்துகொண்டிருந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். முகூர்த்த நேரத்தில் ஒரு நிமிடம் பிசகினாலும் பஞ்சாங்கத்தைப் புரட்டிச் சரிசெய்கிறவன் நான். அன்றைக்கு யாரையும் கேட்காமல் ‘தனலட்சுமி’க்குப் பின்னால் ‘எஸ்.எஸ்.எல்.சி.’ என்று சேர்த்தேன். உதவி செய்வதாக நினைப்பு. பாய் என்னை நம்பி அப்படியே மிஷினில் ஏற்றினார்.

அக்கா கட்டைப் பிரித்துப் பார்க்காமல் அன்றே தெருத்தெருவாகக் கொடுக்கத் தொடங்கிவிட்டார். மூன்றாம் நாள், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வாசலில் நிறுத்தி, எந்த ஸ்கூல், எந்த வருஷம் என்று கேட்டிருக்கிறார். அக்கா உள்ளதைச் சொன்னார்: எட்டாவது. நோட்டீஸை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாராம் தலைமையாசிரியர். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க ஒரே பேச்சு: இட்லிக்காரி பொய்ச் சான்றிதழ் வைத்திருக்கிறாள்.

அக்கா அச்சகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை.

“நான் கேட்டனா உன்னாண்ட?”

பாய்தான், “பையன் தெரியாம செஞ்சுட்டாம்மா. நான் வேற அடிச்சுத் தர்றேன்” என்றார்.

“வேற அடிச்சா மட்டும்? இன்னிக்கு எஸ்ஸெல்சி, நாளைக்கு இல்லன்னு வந்தா பிராடுன்னுதான் சொல்லுவானுங்க, பாய்.” பிறகு என்னைப் பார்த்தார். “படிக்கலன்னு சொல்ல எனக்கு வெக்கம் இல்ல நைனா. உனக்குத்தான் வெக்கமா கீது. வா, நீயே வந்து சொல்லு அந்த சாராண்ட.”

போனேன். தலைமையாசிரியர் ஊஞ்சலில் இருந்தார். அக்கா வாசற்படியில் நின்றுகொண்டார்; உள்ளே வரும்படி யாரும் சொல்லவில்லை. தப்பு என்னுடையது, அக்காவுக்குத் தெரியாது என்றேன்.

“நீ என்ன படிச்சிருக்கே?”

“பி.ஏ. சார்.”

“அப்படியா, உக்காரு. படிச்ச பையன் ஆத்துக்கு வந்து சொல்றே, நம்பறேன்.”

பொய்யை அச்சடித்தவன் நான். உண்மையைச் சொன்னவர் படியில் நிற்கிறார். உட்கார்ந்தேன், அதுதான் இன்றைக்கும் என்மேல் எனக்கு ஆத்திரம். “அப்ப அக்காவுக்கு ஓட்டு போடுவீங்களா சார்?” என்று கேட்டேன்.

“அது வேற விஷயம். அந்த மோகன்குமார் எங்கே படிச்சுட்டு வந்திருக்கான் பாரு. மூளை இல்லாமலா சேத்துப்பா?”

படியிலிருந்து அக்கா, “மூள இருக்கட்டும் சார். உங்க தெரு வால்வு எங்க கீதுன்னு அவரைக் கேட்டீங்களா?” என்றார். தலைமையாசிரியர் ஊஞ்சலை உந்தினார்.

திரும்பி வரும்போது, “இந்த ஒரு வூடு போதும், மத்ததுக்கு நீ வராத. நீ வந்து சொல்லித்தான் என்னை நம்பணும்னா, அந்த ஓட்டு எனக்கு வேணாம்” என்றார் அக்கா.

தோற்றார். மோகன்குமார் ஜெயித்தார். அவர் முட்டாள் இல்லை, கெட்டவரும் இல்லை. வார்டின் வடிகால் பற்றி ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை எழுதினார், படித்திருக்கிறேன், நன்றாகவே இருந்தது. வீடு நிறையப் புத்தகமும் மூன்று தலைமுறைப் பழக்கமும் இருந்தால் அப்படி எழுத வரும். இட்லிப் பானைக்காக எட்டாவதில் நின்ற ஒருத்திக்கு அந்த மூளை இருந்ததா என்று பார்க்க எந்தப் பல்கலைக்கழகமும் கால்வாயோரம் வந்ததில்லை.

அக்கா அதன்பிறகு லாரி வரிசைக்குப் போவதை நிறுத்திவிட்டார். வரிசையை ஒழுங்கு செய்யப் போனால், “எஸ்ஸெல்சி வந்துட்டாங்கடி” என்று சிரித்தார்களாம். அக்கா இல்லாத முதல் வாரமே அடிதடியில் குடங்கள் உடைந்தன.

பாயின் அச்சகம் இப்போது இல்லை. ஈய எழுத்துகளை எடைக்குப் போட்டார்கள். கால்வாயோரக் குடிசைகளை அகற்றி, அங்கிருந்தவர்களை நகரத்துக்கு வெளியே கொண்டுபோய்விட்டார்கள். அக்காவும் அவர்களோடு போனார் என்றார்கள். எந்தப் பேருந்தில் ஏற வேண்டும் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட ஏறவில்லை. பிள்ளைத்தாய்ச்சியின் குடத்தை முன்னால் நகர்த்தி வைத்த அந்த வரிசை மந்தைவெளியில் எந்தத் தெருவிலும் இல்லை. அதைக் கலைத்தது நான்.