வரிசையில் இல்லாத வக்கீல்

கோபமாக இருக்கும்போது எழுத உட்காராதே என்று வீட்டில் சொன்னார்கள். உட்கார்ந்துவிட்டேன்... பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அபார்ட்மென்ட்டில் மேல் வீட்டில் இருப்பவள் எஸ்தர். வக்கீல். தினமும் ஓசூரில் பஸ் பிடித்து, அத்திப்பள்ளி நெரிசலில் நசுங்கி, பெங்களூரில் ஒரு பெரிய லா ஃபர்முக்குப் போய் வருகிறாள். போன சனிக்கிழமை வேறொரு ஃபர்மில் இன்டர்வியூ முடித்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தாள். காபி வேண்டாம் என்றாள். எஸ்தர் காபி வேண்டாம் என்றால் விஷயம் பெரிது.

கதை இதுதான். குழந்தை பிறந்த சமயம், அவளுடைய பாஸ் – ஃபர்மின் பார்ட்னர்களில், அதாவது முதலாளிகளில் ஒருவர் – ரொம்பக் கரிசனமாகப் பேசினாராம். ராத்திரி வேலை வேண்டாம், சாயந்திரமே கிளம்பலாம். ஆனால், பின்னாளில் பார்ட்னர் ஆகப்போகிறவர்களின் வரிசையில் இருக்க முடியாது. பிள்ளை பள்ளிக்கூடம் போனதும் மாற்றிக்கொள்ளலாம் என்றாராம். இவளும் நம்பினாள். கைக்குழந்தைக்காரி நம்பாமல் என்ன செய்வாள்?

பிள்ளை இப்போது இரண்டாம் வகுப்பு. போன மாதம் போய்க் கேட்டிருக்கிறாள். அவர் சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் சொன்னாராம்: வேலையின் தன்மை தெரிந்துதான் சேர்ந்தீர்கள், எத்தனை வருஷம் பார்த்தாலும் அதனால் உரிமை வந்துவிடாது.

எஸ்தர் அப்படியே எழுந்து வந்துவிட்டாளாம். ஏன் தெரியுமா? அந்த வாக்கியம் அவள் எழுதியது!

நம் ஓசூர்ப் பக்கத்துக் கம்பெனிகள்தான் அந்த ஃபர்முக்கு வாடிக்கையாளர்கள். கான்ட்ராக்ட் தொழிலாளிகள் பர்மனென்ட் கேட்டு மனுப் போட்டால், மேனேஜ்மென்ட் தரப்பில் பதில் தயாரிப்பது இவள். ஒவ்வொரு பதிலிலும் அந்த வாக்கியம் உண்டு.

"எழுத்துக்கு எழுத்து நான் எழுதினதுதான்க்கா. ஒரு கமா கூட மாத்தல."

சரி, போடா என்று வேறு ஃபர்முக்குப் போனாள். அங்கே முதல் கேள்வியே, இத்தனை வருஷம் உங்களை ஏன் அந்த வரிசையில் வைக்கவில்லை? ஏதாவது குறையா? பிள்ளைக்காக என்றாள். தலையாட்டினார்களாம். கூப்பிடுகிறோம் என்றார்களாம்... அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று வேலை தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும். முன்பு பிராக்டிஸ் செய்த கோர்ட்டுக்கே திரும்பலாமென்றால், அங்கே அவளுக்குப் பின்னால் படித்து வந்தவர்களிடம் ஜூனியராக நிற்க வேண்டும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சலுகை என்று கொடுப்பானாம், பிறகு அதையே குறை என்று நெற்றியில் ஒட்டுவானாம். ஒரே வேலை, ஒரே மேஜை, ஒரே மண்டைவலி. இவள் எழுதுவாள், வரிசையில் இருப்பவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். இப்படி வரிசைக்கு வெளியே நிறுத்துவதற்கு ஆங்கிலத்தில் பளபளவென்று ஒரு பேர் வேறு. கான்ட்ராக்ட்டுக்குக் கோட்டு மாட்டிவிட்டால் கான்ட்ராக்ட் இல்லையென்று ஆகிவிடுமா?

அவள் மேலும் கோபம் வந்தது. மறைப்பானேன்? ஊரான் பிள்ளைக்கு எழுதும்போது வலிக்கவில்லையா என்று கேட்டே விட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

உள்ளே டிவி சத்தம் நின்றது. என் வீட்டுக்காரர் ஹாலுக்கு வந்தார். ஒரு கம்பெனியில் வருஷக்கணக்காக ஒரே மெஷினில் நின்று, பர்மனென்ட் கேட்டு, தோற்று வெளியே வந்தவர் அவர்.

"எங்க கேசுலயும் அதுதான் எழுதியிருந்திச்சு," என்றார். "நீதான் எழுதினியாம்மா?"

"ஆமாண்ணா."

அவர் திரும்பி உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. எஸ்தர் வாய்விட்டு அழுததை அன்றுதான் பார்த்தேன்.

திங்கட்கிழமை அவள் மேஜைக்கு அதே மாதிரி இன்னொரு மனு வந்திருக்கிறது. இதற்குப் பதில் எழுத மாட்டேன் என்று பார்ட்னரிடம் ஃபைலைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் கொடுத்தாளாம். நியாயமாக அந்த மனிதர் கொஞ்சமாவது ஆடிப்போயிருக்க வேண்டும், இல்லையா?

பரவாயில்லை என்று ஃபைலை வாங்கி, அடுத்த மேஜைப் பெண்ணிடம் நீட்டினாராம் – பிரசவ லீவு முடிந்து அன்றைக்குத்தான் வேலைக்குத் திரும்பியிருக்கிறாள் அவள்.