கல்யாணப் படங்களும் ஒரு சாண் ஒயரும்

அந்தப் போட்டோகிராபர் கடையைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். இழுத்ததில் பூட்டு தளர்ந்திருக்குமோ என்று இன்னொரு முறையும் வருவார். அப்பேர்ப்பட்டவர்தான் போன வாரக் கல்யாணப் படங்களை லேப்டாப்பில் ஏற்றிய கையோடு, கேமரா கார்டுகளை அழித்து யாரோ ஒருவர் வீட்டுப் பிறந்தநாளை அவற்றில் எடுத்தார். மறுநாள் லேப்டாப் உயிரை விட்டது.

"போர்டு போயிடுச்சு. ஹார்ட் டிஸ்க் நல்லாத்தான் இருக்கணும்" என்று ரிப்பேர்க்காரர் டிஸ்கைக் கழற்றிக் கையில் கொடுத்தார். இருக்கிறது என்று சொல்லாமல் இருக்கணும் என்றாரே, அந்த ஒரு சொல்லையே இவர் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தார். கல்யாணப் பெண்ணின் அப்பா சாயங்காலம் வீட்டுக்குப் படம் பார்க்க வருகிறார். மூன்று பெண்களில் கடைசிப் பெண். "இதோட நம்ம வீட்ல கல்யாணம் முடிஞ்சுது தம்பி, ஒண்ணையும் விட்டுடாதீங்க" என்று மண்டபத்தில் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னவர்.

டிஸ்கை வெளியிலிருந்து கம்ப்யூட்டரில் மாட்ட ஒரு பெட்டி வேண்டும். கம்ப்யூட்டர் சாமான் கடையில் இருந்த பெண் மூன்று விதம் எடுத்துப் போட்டாள்.

"டைப்-சி தானே வேகம்?"

"சார், இது சுத்துற டிஸ்க். எந்த ஒயர் போட்டாலும் அது வேகத்துலதான் போகும். உங்க கம்ப்யூட்டர்ல டைப்-சி இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு? இந்த யூஎஸ்பி 3.0 பெட்டிய எடுத்துக்குங்க. கம்ப்யூட்டர்லருந்தே கரண்ட் எடுத்துக்கும், தனி அடாப்டர் வேண்டாம்."

"இதவிட நல்லதா ஏதாவது..."

"இருக்கு சார். சீக்கிரமா வீட்டுக்குப் போறது."

வீட்டுக்குப் போனார். பெட்டியோடு வந்த ஒயர் ஒரு சாண்தான். அதை மாட்டினால் டிஸ்க் மேசைமேல் இருக்கவேண்டும். மேசைக்கோ ஒரு கால் ஆடும். எனவே கட்டிலில் துண்டை நாலாக மடித்து டிஸ்கைக் கிடத்தினார். பரணிலிருந்து நீள ஒயர் ஒன்றை எடுத்து, அது போதாமல் நாலு ஒயர் சொருகும் பழைய யூஎஸ்பி ஹப் ஒன்றையும் நடுவில் கோத்து, கம்ப்யூட்டர்வரை இழுத்தார்.

"டிஸ்குக்கு மெத்தையா?" என்றாள் மனைவி. "எனக்கு ஒரு நாளாவது தலகாணி எடுத்துப் போட்டிருக்கீங்களா?"

"சத்தமா பேசாத. அதிரும்."

மாட்டினார். விளக்கு மினுக்கியது. டிக். டிக். டிக். திரையில் ஒன்றும் வரவில்லை. பழுதான டிஸ்க் இப்படித்தான் சத்தம் போடும், ஓட விட விட உள்ளே இருப்பதும் கீறிப் போகும் என்று அவருக்குத் தெரியும். பிடுங்கிவிட்டு, பெட்டி வாங்கிய கடைக்குப் போன் போட்டார்.

"கரண்ட் பத்தலைன்னாலும் அந்தச் சத்தம் வரும் சார். நடுவுல ஏதாவது மாட்டியிருக்கீங்களா?"

சொன்னார்.

"நான் குடுத்த ஒயர் எங்க?"

"கவர்லயே பத்திரமா இருக்கும்மா."

"அதை கம்ப்யூட்டர் பின்பக்கம் நேரா மாட்டிப் பாருங்க. பயமா இருந்தா மாட்டாம, படம் மீட்டுக் குடுக்கிற லேப்ல குடுத்துடுங்க. டிஸ்கைப் பாக்காம நான் சத்தியம் பண்ண முடியாது."

மாட்டலாமா, கூடாதா? டிஸ்கைக் கட்டிலிலிருந்து தூக்கி மேசைமேல் வைத்து, அந்த ஒரு சாண் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மாடிப்படியில் பெண்ணின் அப்பா இருமிக்கொண்டே ஏறி வருவது கேட்டது. மனைவி வந்து மேசையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

"ஆடாது. மாட்டுங்க."

கண்ணை மூடிக்கொண்டு மாட்டினார். ஒரு டிக். அதற்குப் பிறகு மெல்லிய ரீங்காரம். கண்ணைத் திறந்து, வந்த முதல் படத்தைத் தட்டினார்; திரையில் மணப்பெண் யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு ஏற்றக் கொடுத்தார். எவ்வளவு ஏறியது என்று காட்டும் பச்சைக்கோடு நூலளவு நகர்ந்தது.

"என்ன தம்பி, இப்படி வேர்த்திருக்கு?" என்று உள்ளே வந்த பெரியவர் மேசையைப் பார்த்தார். "ஏம்மா அதைக் கட்டிப் புடிச்சிட்டு நிக்கிற?"

"ஆடக்கூடாதாம் மாமா. உங்க பொண்ணு கல்யாணம் இன்னும் இந்தப் பக்கம் வந்து சேரல."

பெரியவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு வந்து, மேசையின் இன்னொரு மூலையைப் பிடித்துக்கொண்டார்.