மீனுக்குச் செதில் வைத்தவர்கள்

1. எனாமல் கடல்

நான் ஆசைப்பட்டுக் கீறிய கடலுக்கு ஒரே கிழமையில் அம்மை போட்டுவிட்டது.

அறுபதுகளின் நடுப்பகுதி. திருகோணமலையில் மூதூருக்குப் போகும் லோஞ்சு என்ற மோட்டார்ப் படகு புறப்படும் ஜெட்டிக்கு முன்னால், கூரையும் சுவருமாக ஒரு பஸ் ஹோல்ட் இருந்தது. லோஞ்சுக்குக் காத்திருப்பவர்களும் அதற்குள்தான் நிற்பார்கள், லோஞ்சால் இறங்கிப் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களும் அதற்குள்தான். நான் நகரசபையின் வேலைப் பகுதியில் தற்காலிகப் பெயின்டர். அதுவரை குப்பை வண்டிகளுக்கு நம்பர் எழுதிக்கொண்டிருந்தேன். புதிதாக வந்த தலைவருக்கு ஒரு யோசனை. ஹோல்ட்டில் சனமும் சும்மா நிற்கிறது, சுவரும் சும்மா நிற்கிறது. ஒரு படமும் நாலு வரிப் பாட்டும் இருந்தால் என்ன? முதலில் ஜெட்டி ஹோல்ட்டில் செய்து பார்ப்பது, சரிவந்தால் லிங்கநகர், அன்புவழிபுரம் என்று ஒவ்வொன்றாய்ப் போவது. அந்த வேலை எனக்குக் கிடைத்த அன்று என் கால் நிலத்தில் பாவவில்லை.

கடும் நீல எனாமலில் கடல், அதில் ஒரு கப்பல், தூரத்தில் வெளிச்சவீடு. கீறி முடித்துவிட்டு நானே றோட்டின் மறுகரையில் நின்று நெடுநேரம் பார்த்தேன். பாட்டை மட்டும் எங்கள் ஓவர்சியர் தம்பையா தானே எழுதித் தந்தார். சனத்துக்குப் புத்தி சொல்வதில் அவருக்கு அலுப்பே வராது.

மதிகெட்ட மாந்தரே, மறவாதீர்!
சுவர்மீது சுண்ணாம்பு தடவாதீர்!

எங்கள் பக்கத்து ஆட்கள் வெற்றிலை போடும் விதத்தை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஜெட்டி வாசல் பெட்டிக்கடையில் வெற்றிலை வாங்கினால் சுண்ணாம்பை விரல் நுனியில்தான் தருவார்கள். கொஞ்சத்தை இலையில் தடவிய பிறகும் விரலில் மிச்சம் இருக்கும். அதைத் துடைக்கப் பக்கத்தில் உள்ள தூணோ சுவரோதான் கதி. துப்புவதற்குக் கடல் இருந்தது. துடைப்பதற்கு என் சுவர் இருந்தது. அதுவும் வழவழவென்ற எனாமல் சுவர். விரல்கள் தாமாகவே போயின, கடல் முழுக்க வெள்ளைப் பொட்டு. ஆக மோசமாக அடிபட்ட இடம் 'மதிகெட்ட' என்ற சொல்தான்.

ஓவர்சியர் வந்து பார்த்தார். மூக்கு நுனி சிவந்துவிட்டது.

"தங்கராசா, மாசக் கடைசியில தலைவர் பார்க்க வாறார். அண்டைக்கு இந்தச் சுவரில ஒரு விரல் அடையாளம் கிடந்தாலும் முழுக்க வெள்ளை அடிச்சுப்போடுவன். படமும் இல்லை, பாட்டும் இல்லை. நீர் திரும்பக் குப்பை வண்டிக்குப் போக வேண்டியதுதான்."

குப்பை வண்டிக்கு நம்பர் எழுதுவது இழிவான வேலை இல்லை. ஆனால் ஒரு முழுச் சுவரைக் கீறிவிட்ட கைக்கு அது போதாது. நான் நன்றாகப் பயந்துவிட்டேன்.

2. ஹனீபா ஏசியது

அடுத்த சில நாட்கள் மண்ணெண்ணெய்த் துணியும் கையுமாக ஹோல்ட்டிலேயே காவல் நின்றேன். விரல் தூக்குகிறவர்களை எல்லாம் அதட்டினேன். என் தொண்டை போனதுதான் மிச்சம். லோஞ்சைப் பிடிக்க ஓடுகிறவன் ஓடுகிற ஓட்டத்திலேயே ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போவான்.

அந்த ஹோல்ட்டில் பஸ் வந்துபோகும் நேரம் பதிகிற ரைம்கீப்பர் ஹனீபா, கிண்ணியாக்காரன், என் வயதுதான். பஸ் பிந்தினால் சனத்தின் கோபத்தைத் தணிக்க நின்ற நிலையில் கவி கட்டிச் சொல்வான். சனம் சிரித்துக்கொண்டிருக்கும்போதே பஸ் வந்துவிடும். என் கூத்தைப் பார்த்துப் பார்த்து ஒருநாள் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"மச்சான், உனக்கென்ன விசரா? வெத்திலை போட்ட மனுசன் விரல எங்கயாவது துடைக்கத்தான் செய்வான். கட்டியிருக்கிற சாரத்தில துடைச்சா வீட்ட பொஞ்சாதி ஏசுவா. சுவரில துடைச்சா நீ ஏசுறாய். அவன் விரல வெட்டிப் போடவா ஏலும்?"

"அப்ப நான் என்னடாப்பா செய்யிறது?"

"துடைக்க ஒரு இடம் குடு. அத உன்ட படத்துக்குள்ளயே குடு."

எனக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது. என் படத்தில் கண்டவன் நின்றவன் விரல் வைப்பதா என்று கேட்டுவிட்டு விறுவிறுவென்று போய்விட்டேன். அன்று பின்னேரம் வந்து பார்த்தால் கப்பலின் புகைக்குழாயில் யாரோ அழகாக ஒரு வெள்ளைப் பொட்டு வைத்திருந்தான். அது புகை மாதிரியே இருந்தது. உண்மையைச் சொன்னால், நான் கீறிய புகையைவிட அது நன்றாக இருந்தது. கோபத்தை விழுங்கிக்கொண்டு ஹனீபாவிடம் திரும்பிப் போனேன்.

3. சட்டையில்லா மீன்

ஓவர்சியர் அந்த நாட்களில் வேறொரு வீதி வேலையில் மாட்டிக்கொண்டிருந்தார். அந்தத் துணிச்சலில் அவருடைய பாட்டையும் கப்பலையும் வெளிச்சவீட்டையும் நீலத்தால் மூடினேன். சுவர் நிறைய ஒரு பெரிய மீன் கீறினேன். கண், வாய், செட்டை, வால் எல்லாம் வைத்தேன், உடம்பை மட்டும் வெறும் கறுப்பாக விட்டேன். அதற்குக் கீழே ஹனீபாவின் கவி:

வெத்திலை மென்றவரே
விரல்நுனியில் வெள்ளை உண்டோ?
சட்டையில்லா மீனெனக்குச்
செதிலொன்று வைத்துப் போங்க!

முதல் ஆள் ஒரு மூதூர் வியாபாரி. கவியை வாய்விட்டு வாசித்தார், சுற்றிப் பார்த்தார், வெட்கப்பட்டுக்கொண்டு தலைக்குக் கிட்ட ஒரு செதில் வைத்தார். அடுத்தவர் அதற்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டு மூன்று நாட்களில் செதில்கள் வரிசை கட்டிவிட்டன. திரியாயிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்துபோகும் ஒரு அம்மா, பக்கத்தில் நின்றவரை மறித்துப் பிடித்தார்.

"வால் பக்கம் சின்னனா வையுங்கோ அண்ணை. உங்கட பெருவிரலுக்கு அது அடங்காது."

"அப்ப நான் எங்க வைக்கிறது?"

"வயித்தில வையுங்கோ. அங்க இடம் கிடக்கு."

வெற்றிலை போடாத இளந்தாரிகள்கூடச் சுண்ணாம்பு மட்டும் இரவல் கேட்டார்கள். பஸ் பிந்தினால் முன்பு ஹனீபாவைத்தான் ஏசுவார்கள். இப்போது மீனைப் பற்றிக் கதைத்தார்கள். எனக்கு ஒரு பக்கம் பெரும் சந்தோசம், மறுபக்கம் பயம். ஒரு விரல் அடையாளமும் இருக்கக்கூடாது என்றார் ஓவர்சியர். என் சுவரிலோ விரல் அடையாளம் தவிர வேறொன்றும் இல்லை.

4. வெள்ளை வாளி

மாசக் கடைசியில் தலைவரும் ஓவர்சியரும் வந்தார்கள். பின்னால் சபைத் தொழிலாளி செல்லையா வெள்ளை வாளியும் பிறஷுமாக வந்தான். மூதூர் லோஞ்சு புறப்படும் நேரம், ஹோல்ட் நிறையச் சனம்.

"நான் சொன்னனான்தானே ஐயா, சுவர் முழுக்க விரல் அடையாளம்" என்றார் ஓவர்சியர் தலைவரிடம். தன் பாட்டையும் காணவில்லை என்று கண்டதும் குரல் இன்னும் உயர்ந்தது. "செல்லையா, அடி."

செல்லையா பிறஷை வாளியில் தோய்த்தான்.

லோஞ்சு வரிசையில் நின்ற ஒரு கிழவர் மெதுவாகச் சொன்னார். "அடிக்கிறதெண்டா அடியுங்கோ தம்பி. செட்டைக்குக் கீழ ரெண்டு செதில் என்ர. அதை மட்டும் விட்டிட்டு அடியுங்கோ."

"வாலுக்குக் கிட்ட நம்மட இரிக்கி" என்றார் மூதூர் வியாபாரி.

"அந்த வயித்து வரிசை முழுக்க எங்கட வீட்டாக்கள் வைச்சது" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ஆளுக்காள் கை நீட்டினார்கள். சண்டை பிடிக்கவில்லை, தங்கள் தங்கள் செதிலைக் காட்டினார்கள், அவ்வளவுதான். பிறஷை எங்கே வைப்பது என்று தெரியாமல் செல்லையா மீனை மேலும் கீழும் பார்த்தான். பிறகு தலையைச் சொறிந்தான்.

"ஐயா, இதில என்ரயும் மூண்டு கிடக்கு."

தலைவர் முதலில் சிரிப்பை அடக்கப் பார்த்தார். பிறகு மீனை விட்டுவிட்டுத் தூண்களைச் சுற்றி வந்தார், சனம் இருக்கும் வாங்கிலைப் பார்த்தார், சுவரின் ஓரங்களைத் தடவிப் பார்த்தார்.

"ஓவர்சியர், தூணில ஒரு பொட்டுச் சுண்ணாம்பும் இல்லையே."

"ஓம் ஐயா."

"மற்றச் சுவரிலயும் இல்லை. எல்லாம் மீனுக்குள்ள நிக்குது. இந்த வாளியைக் கொண்டுபோய்ச் சந்தைச் சுவருக்கு அடிக்கச் சொல்லும்."

ஹனீபா விசில் ஊதினான். பஸ்ஸுக்கு அல்ல, எனக்கு.

அதன்பிறகு லிங்கநகர், அன்புவழிபுரம் என்று ஹோல்ட் ஹோல்ட்டாகக் கீறிக்கொண்டு போனோம். ஒன்றில் பூவில்லாத மல்லிகைப் பந்தல், இன்னொன்றில் நட்சத்திரமில்லாத வானம். பாட்டெல்லாம் ஹனீபா. நான் நிரந்தரப் பெயின்டர் ஆனேன், ஓய்வு பெறும்வரை ஒரு குப்பை வண்டிக்கும் நம்பர் எழுதவில்லை.

இப்போது பிறஷ் பிடிக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பொதுச் சுவரில் முழுவதையும் நீங்களே கீறி முடித்துவிடாதீர்கள். சனம் கை வைக்கக் கொஞ்ச இடம் விடுங்கள். தான் கை வைத்ததை ஒருவரும் அழிக்க விடமாட்டார்கள்.

இதை ஓவர்சியர் தம்பையாவும் ஒப்புக்கொண்டார், ஆனால் வாயால் அல்ல. தலைவர் வந்துபோன அடுத்த கிழமை ஒரு மத்தியானம், வாயில் வெற்றிலையோடு ஹோல்ட்டுக்குள் வந்து மீனுக்கு முன்னால் நின்றார். ஒரு விரலை மட்டும் சட்டையில் படாமல் விலக்கிப் பிடித்திருந்தார். நான் லோஞ்சு வருகிறதா என்று கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன், வேண்டுமென்றேதான். திரும்பிப் பார்த்தபோது மீனின் கண்ணுக்குக் கீழே ஈரம் காயாமல் ஒரு புதுச் செதில் இருந்தது. ஓவர்சியர் கைலேஞ்சியால் விரலைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து உறுக்கினார்.

"என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறீர்? இது காய்ஞ்ச உடன வார்னிஷ் அடியும். மாரி வரப்போகுது, ஒண்டும் உதிரக்கூடாது."