மெனேஜரிடம் இல்லாத அட்டோர்னிப் பத்திரம்

இன்று மாத்தளை காணிப் பதிவகத்தில் எனக்கு முன்னால் ஒரு வங்கி மெனேஜர். கட்டாத கடனுக்காக வங்கியே ஏலத்தில் எடுத்த, உக்குவளையில் உள்ள வீடொன்றை வங்கியின் பெயரில் பதிய வந்திருந்தார்.

"பேங்குக்காகக் கையெழுத்துப் போட உங்களுக்கு அட்டோர்னிப் பத்திரம் இருக்குங்களா?" என்று கேட்டார் கிளார்க்.

"நான்தாங்க மெனேஜர்!"

"அது பேங்க்லங்க. இங்க பத்திரம் வேணும்."

மெனேஜர் முகம் சிவந்து திரும்பிப் போனார்.

பக்கத்தில் நின்ற ஓர் அக்கா என்னிடம் மெதுவாகக் கேட்டார். "தம்பி, அப்ப அந்த வீடு இன்னைக்கு யாரோடதுங்க?"

"தெரியலையே அக்கா. ஏன் கேக்குறீங்க?"

"நாங்க இருக்கிற வீடுதான். மிளகுக் கொடிக்குத் தண்ணி ஊத்தணும். நான் ஊத்தலாமான்னு பாக்குறேன்."

"ஊத்துங்க அக்கா" என்று சொல்லிவிட்டேன்.

சட்டம் படித்தவர்களே, நான் சொன்னது தப்பா? அவர் இந்நேரம் ஊற்றி முடித்திருப்பார்.